ஒரே பையில் எல்லா ஆவணங்களும்: தொலைந்த கடவுச்சீட்டை மீளப் பெற்ற ஒரு குடும்பம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கே பதிவாகும் நிகழ்வு 2023 ஆம் ஆண்டின் முற்பகுதியில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் நடந்தது. விண்ணப்பங்களை நிரப்புவதற்கும் கடிதங்களை எழுதுவதற்கும் அந்தக் குடும்பத்தினருக்கு உதவியவன் என்ற முறையில், அவர்களது சம்மதத்துடன் இதனை எழுதுகிறேன். பெயர்களும் ஊரும் வேண்டுமென்றே விலக்கப்பட்டுள்ளன. அக்காலத்தில் வட மாகாணத்தவர்கள் கடவுச்சீட்டு அலுவல்களுக்கு வவுனியாவிலிருந்த பிராந்திய அலுவலகத்துக்கோ பத்தரமுல்லையிலுள்ள தலைமையகத்துக்கோ போக வேண்டியிருந்தது. யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் 2025 செப்டெம்பரிலேயே திறக்கப்பட்டது என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

ஆவணங்களைத் தொலைத்தவர் அறுபது வயதைக் கடந்த ஒரு தாய். அரசாங்க ஊழியராக இருந்த கணவர் காலமாகிவிட்டார். மகன் யாழ்ப்பாண நகரில் வேலை செய்கிறார். மகள் கனடாவில் முதற்பிள்ளையை எதிர்பார்த்திருந்தார். பிள்ளைப்பேற்றுக்குத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விண்ணப்பித்து, வருகையாளர் விசாவும் கிடைத்து, அது கடவுச்சீட்டில் ஒட்டப்பட்டுத் திரும்பி வந்திருந்தது. விமானச்சீட்டு மட்டும் இன்னும் எடுக்கப்படவில்லை.

அவரிடம் ஒரு றெக்சின் பை இருந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, பிறப்புப் பத்திரங்களையும் காணி உறுதியையும் ஒரு துணிப்பையில் போட்டு இவர் கையோடு கொண்டுபோயிருக்கிறார். அன்றைக்குக் கையில் எடுக்காதவர்கள் பின்னர் ஒவ்வொரு அலுவலகமாக அலைந்ததை அவர் கண்ணாற் கண்டவர். ஆகவே துணிப்பை றெக்சின் பையாக மாறிய பின்னரும் வழக்கம் மாறவில்லை. கடவுச்சீட்டு, தேசிய அடையாள அட்டை, தன்னுடைய பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், கணவரின் மரணச் சான்றிதழ், வங்கிச் சேமிப்புப் புத்தகம், மஞ்சள் துணியில் சுற்றிய காணி உறுதி ஆகிய அனைத்தும் அதற்குள்ளேயே இருந்தன. வடக்கில் பல வீடுகளில் இப்படியொரு பை இன்றும் அலுமாரிக்குள் இருக்கிறது. அதைக் குறை சொல்லவும் முடியாது. எந்த வேளையும் ஓட நேரிடலாம் என்ற காலத்துக்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு இருந்திருக்க முடியாது. ஆனால் ஓடுவதற்காகச் சேர்த்து வைத்த அதே பை, ஓட வேண்டிய தேவையில்லாத காலத்தில் அனைத்தையும் ஒரே தடவையில் இழப்பதற்கான வழியாகவும் அமைந்துவிடும் என்பதே இந்நிகழ்விலிருந்து நான் விளங்கிக்கொண்டது.

ஆவணங்கள் தொலைந்த விதம்

கணவரின் ஓய்வூதியம் தொடர்பான ஓர் அலுவலுக்காகத் தாயார் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே எதைக் கேட்பார்கள் என்று நிச்சயமாகத் தெரியாததால், தேவையானவற்றைத் தெரிந்தெடுக்காமல் முழுப் பையையும் எடுத்துச் சென்றார். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட இரவு பஸ்ஸில் உடுப்புப் பையைக் காலடியிலும் ஆவணப் பையை மேலேயுள்ள தட்டிலும் வைத்தார். விடியுமுன் இறங்கும் இடம் வந்ததும், நடத்துநர் அவசரப்படுத்த, உடுப்புப் பையை மட்டும் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். உறவினர் வீட்டுக்குப் போய் முகம் கழுவி, தேநீர் குடித்து, அலுவலகத்துக்குப் புறப்படுவதற்காகக் கடிதத்தைத் தேடியபோதே பை இல்லை என்பது தெரியவந்தது.

மகன் பஸ்ஸின் முற்பதிவு இலக்கத்துக்கு உடனடியாகத் தொலைபேசியில் பேசினார். பஸ் ஏற்கெனவே தரிப்பிடத்துக்குப் போய்த் துப்புரவு செய்யப்பட்டுவிட்டது என்றும், தட்டில் எதுவும் இல்லை என்றும் பதில் கிடைத்தது.

அந்த நேரத்தில் குடும்பத்தவரிடம் இருந்த தகவல்கள் மிகச் சொற்பம். முன்பு விமானச்சீட்டின் விலையை விசாரிப்பதற்காகத் தாயாரின் கடவுச்சீட்டில் படமும் விவரங்களும் உள்ள பக்கத்தை மகன் வட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பியிருந்தார். அந்தப் படம் அவருடைய கைத்தொலைபேசியில் அழியாமல் இருந்தது. அடையாள அட்டை இலக்கம் தாயாருக்கு மனப்பாடம். விசா விண்ணப்பத்தின் பிரதிகள் மகளின் மின்னஞ்சலில் இருந்தன. பிறப்பு, விவாகப் பதிவுகளின் இலக்கங்களோ, உறுதியின் இலக்கமோ, அதை எழுதிய நொத்தாரிசின் பெயரோ எவருக்கும் தெரியவில்லை.

முறைப்பாடும் அறிவித்தலும்

ஊருக்குத் திரும்பி வந்து அங்கே முறைப்பாடு செய்யலாம் என்று தாயார் கருதினார். பை தொலைந்த இடம் கொழும்பு என்பதாலும், அலுவலகங்கள் முதலில் கேட்பது பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையே என்பதாலும், இறங்கிய பகுதியின் பொலிஸ் நிலையத்திலேயே அன்று முற்பகல் முறைப்பாட்டைப் பதிவுசெய்வது என்று தீர்மானிக்கப்பட்டது. தொலைபேசியில் நான் சொன்னது ஒன்றுதான்: போவதற்கு முன்னர் ஒரு தாளில் தொலைந்த ஆவணங்களை ஒவ்வொன்றாக எழுதி, தெரிந்த இலக்கங்களைக் குறித்து, பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோக வேண்டும். தமிழில் முறையிடும் உரிமை அரசியலமைப்பில் இருந்தாலும், பதிவேட்டில் சிங்களத்தில் எழுதப்படும் பெயர் எழுத்து மாறிப்போனால், பின்னர் அந்தப் பிரதியைப் பார்க்கும் அதிகாரி ‘இது வேறு ஆள்’ என்று சொல்வதற்கு இடமுண்டு. அந்தத் தாள் பயன்பட்டது. இலக்கங்கள் பிழையின்றிப் பதிவாயின. ‘ஆவணங்கள் அடங்கிய பை’ என்று பொதுவாக எழுதுவித்திருந்தால் அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் அதே முறைப்பாட்டைப் பயன்படுத்துவது கடினமாகியிருக்கும்.

சேமிப்புப் புத்தகம் பற்றி வங்கிக்கு அன்றே அறிவிக்கப்பட்டது. அதில் வேறு சிக்கல் எழவில்லை.

குடும்பத்தில் கருத்து வேறுபட்டது அடுத்த முடிவிலேயே. பொலிஸ் முறைப்பாடு வேறு, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அறிவிப்பது வேறு. தொலைந்ததாகத் திணைக்களத்துக்கு அறிவிக்கப்பட்ட கடவுச்சீட்டு இரத்துச் செய்யப்பட்டுவிடும். பிற்பாடு அது கையில் கிடைத்தாலும் பயணத்துக்கு உதவாது. விசாவும் அதே புத்தகத்தில் ஒட்டப்பட்டிருந்ததால், ‘கொஞ்சம் பொறுத்துப் பாப்பம் அம்மா’ என்று மகள் கெஞ்சினார். தாமதித்தால் எவராவது அதை வைத்து மோசடி செய்துவிடுவார்கள் என்று மகன் பயந்தார். இரண்டும் நியாயமான எண்ணங்களே. பஸ்ஸில் மறந்து விட்ட பொருள் ஒருவரின் கைக்குப் போய்விடாமல் அந்தப் பஸ்ஸோடு சுற்றிக்கொண்டிருக்கலாம் என்பதால், அதே பஸ் யாழ்ப்பாணத்துக்கு வந்து மீண்டும் கொழும்புக்குத் திரும்பும் வரை காத்திருப்பது, அதற்குள் தகவல் கிடைக்காவிட்டால் மேலும் தாமதிக்காமல் அறிவிப்பது என்று முடிவானது. எல்லையில்லாமல் காத்திருப்பதைவிட, காரணமுள்ள ஓர் எல்லையை வைத்துக்கொண்டு காத்திருப்பது சரியென்றே இப்போதும் கருதுகிறேன். தகவல் எதுவும் வரவில்லை. திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவிக்கப்பட்டது.

முகநூலில் போட்ட படம்

இதற்கிடையில், உதவி செய்யும் எண்ணத்துடன் பெறாமகன் ஒருவர் கடவுச்சீட்டுப் பக்கத்தின் படத்தை முகநூலில் போட்டு, ‘கண்டெடுத்தவர்கள் தொடர்புகொள்ளவும்’ என்று தன்னுடைய தொலைபேசி இலக்கத்தையும் எழுதியிருந்தார். அப்படம் பலரால் பகிரப்பட்ட பின்னரே எங்களுக்குத் தெரியவந்தது.

அந்தப் பக்கத்தில் படம், முழுப் பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், அடையாள அட்டை இலக்கம் ஆகிய அனைத்தும் இருக்கின்றன. நமது பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று எண்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 இல் அறிமுகமான 12 இலக்க எண்ணிலும் இதே முறைதான். ஆண்டு மட்டும் நான்கு எண்களாக வரும். எனவே அந்த இலக்கத்தை மட்டும் தெரிந்துகொண்டாலே ஒருவரின் பிறந்த திகதியும் அவர் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். தொலைபேசியில் வங்கியோ வேறு நிறுவனமோ ஆளை உறுதிப்படுத்தக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளில் பாதி இதற்குள் அடங்கிவிடுகிறது. பையைக் கண்டெடுத்தவர் நல்லவராக இருந்தால் அவருக்கு இந்தப் படம் தேவையில்லை, ஏனெனில் ஆவணங்களே அவரிடம் இருக்கும். ஆவணம் கையில் இல்லாத அந்நியருக்குத்தான் படம் பயன்படும்.

அன்று இரவே ஓர் அழைப்பு வந்தது. பை தன்னிடம் இருப்பதாகவும், கைத்தொலைபேசி வழியாக முற்பணம் அனுப்பினால் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகவும் ஓர் ஆண் குரல் கூறியது. கடவுச்சீட்டு இலக்கத்தைத் தடுமாறாமல் சொன்னதால் தாயார் பணம் அனுப்ப ஆயத்தமாகிவிட்டார். மகன் மட்டும், ‘உறுதி சுத்தியிருக்கிற துணி என்ன நிறம்?’ என்று கேட்டார். அழைப்புத் துண்டிக்கப்பட்டது, அதன் பின்னர் அந்த இலக்கம் இயங்கவில்லை. முகநூற் பதிவை நீக்கச் செய்து, ‘பிறவுண் நிறப் பை, இன்ன திகதி, இன்ன வழித்தடம்’ என்ற அளவில் இலக்கங்களில்லாத புதிய பதிவு போடப்பட்டது. அழைத்தவரின் இலக்கம் முன்னைய முறைப்பாட்டுக்கு மேலதிகமாகப் பொலிஸாரிடம் கொடுக்கப்பட்டது.

மீளப் பெற்ற ஒழுங்கு

கடவுச்சீட்டு அவசரமாகத் தேவைப்பட்டாலும், அதிலிருந்து தொடங்க வழியிருக்கவில்லை. கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கு அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். கணவரின் பெயருடன் கடவுச்சீட்டு எடுத்திருந்தபடியால் விவாகச் சான்றிதழும் வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ஒன்றின் தோளில் மற்றொன்று ஏறி நிற்கும் இந்த அடுக்கில், கீழே நிற்பது பிறப்புப் பதிவு. எனவே முதலில் பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவில் விண்ணப்பிக்கப்பட்டது. பதிவு இலக்கம் தெரியாததால், பிறந்த இடம், ஆண்டு, தந்தையின் பெயர் ஆகியவற்றைக் கொண்டு பதிவேட்டைத் தேடும்படி கேட்கப்பட்டது, அது கிடைத்தது.

விவாகப் பதிவு அப்படிக் கிடைக்கவில்லை. கலியாண அழைப்பிதழ் அல்பத்துக்குள் இருந்ததால் திகதி தெரியும் என்று நம்பி, அந்தத் திகதியை அண்டிய காலத்துக்குத் தேடுவித்தபோது பதிவே இல்லை என்று வந்தது. தாயார் அழவே தொடங்கிவிட்டார். பின்னர், எழுத்தின்போது (விவாகத்தைச் சட்டப்படி பதியும்போது) சாட்சிக் கையொப்பமிட்ட முதியவர் ஒருவரிடம் கேட்டபோதுதான், தாலி கட்டுவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே வேறொரு பதிவாளர் பிரிவில் எழுத்து நடந்ததென்பது தெரியவந்தது. அந்தப் பிரிவின் ஏட்டில் பதிவு இருந்தது. யாழ்ப்பாணத்தில் எழுத்தும் கலியாணமும் வெவ்வேறு நாட்களில் நடப்பது வழமையானது என்பதால், விவாகப் பதிவைத் தேடுபவர்கள் அழைப்பிதழை நம்பாமல் எழுத்து நடந்த நாளையும் இடத்தையும் விசாரிப்பது நல்லது.

பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் இன்னொரு முரண் வெளிப்பட்டது. பிறப்புப் பதிவில் தாயாரின் பெயரில் ‘தேவி’ என்ற பின்பகுதி இல்லை. அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் அது இருந்தது. பழைய ஆவணங்கள் கையில் இருந்தவரை எவரும் அதைக் கவனிக்கவில்லை. இங்கே இரண்டு வழிகள் இருந்தன. பிறப்புப் பதிவைத் திருத்திவிட்டு மேலே செல்வது முறையானதாயினும் காலமெடுக்கும். மற்றையது, இரு பெயர்களும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து, அடையாள அட்டைக்குத் திருத்தம் எதுவும் கோராமல், முன்னர் வழங்கப்பட்ட அதே விவரங்களுடன் தொலைந்த அட்டையின் இணைப்பிரதியை மட்டும் கேட்பது. ஆட்பதிவுத் திணைக்களத்தின் பதிவில் நீண்ட பெயர் ஏற்கெனவே இருந்ததாலும், திருத்தம் கேட்டால் அந்தப் பதிவையே மீள ஆராய வேண்டி வரும் என்பதாலும் இரண்டாவது வழி தெரிவுசெய்யப்பட்டது. பதிவு செய்யப்பட்ட ஸ்ரூடியோவில் எடுத்த படம், முறைப்பாட்டின் பிரதி ஆகியவற்றுடன் விதானையார் (கிராம அலுவலர்) உறுதிப்படுத்திய விண்ணப்பம் பிரதேச செயலகத்தினூடாக அனுப்பப்பட்டது. அட்டை பழைய பெயரிலேயே வந்தது.

அதன் பின்னர் வவுனியா. கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கான கே 35 ஏ படிவம், ஸ்ரூடியோவிலிருந்து இணையவழியாகத் திணைக்களத்துக்கு அனுப்பப்பட்ட படத்துக்கான பற்றுச்சீட்டு, முறைப்பாட்டின் மூலப் பிரதி, சத்தியக்கடதாசி, வட்ஸ்அப்பிலிருந்து அச்சிட்ட பழைய கடவுச்சீட்டுப் பக்கம் ஆகியவற்றுடன் தாயாரும் மகனும் போனார்கள். எப்படித் தொலைந்தது என்று அலுவலர் விசாரித்தார், விரலடையாளம் எடுக்கப்பட்டது, தொலைத்தமைக்கான அபராதமும் வழமையான கட்டணமும் செலுத்தப்பட்டன. பழைய இலக்கம் தெரிந்திருந்ததால் முன்னைய கோப்பைக் கண்டுபிடிப்பதில் தாமதம் ஏற்படவில்லை. உரிய காலத்தில் புதிய இலக்கத்துடன் கடவுச்சீட்டு கிடைத்தது.

பை திரும்பி வந்தபோது

புதிய கடவுச்சீட்டு வந்த பிறகு பழைய பை கிடைத்தது. அதே பஸ்ஸில் வந்த இன்னொரு பயணியின் உறவினர் தமது பொருட்களோடு அதையும் தவறுதலாக இறக்கிச் சென்றிருக்கிறார். நெடுநாள் கழித்துத் திறந்து பார்த்து, உறுதியில் இருந்த குறிச்சியின் பெயரை வைத்து ஊர்க் கோயில் தர்மகர்த்தா மூலமாகத் தேடி ஒப்படைத்தார். ஒன்றும் குறையவில்லை. மஞ்சள் துணிகூட அவிழ்க்கப்படவில்லை.

கையில் விசாவுடன் பழைய கடவுச்சீட்டு மீண்டும் வந்ததும், இரண்டு புத்தகங்களையும் கொண்டு பயணம் செய்யலாம் என்று உறவினர் பலர் ஆலோசனை கூறினார்கள். காலாவதியான கடவுச்சீட்டில் செல்லுபடியாகும் விசா இருந்தால், பழையதையும் புதியதையும் சேர்த்துக் கொண்டுபோய் வந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அந்த அனுபவத்திலிருந்தே அப்படிச் சொன்னார்கள். ஆனால் காலாவதியானதும் தொலைந்ததாக அறிவிக்கப்பட்டதும் ஒன்றல்ல. பிந்தியது இரத்தான ஆவணம். நாடுகள் அறிவிக்கும் இத்தகைய இலக்கங்களைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளம் ஒன்றை இன்டர்போல் 2002 முதல் நடத்திவருகிறது. எல்லைகளில் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஏதோவொரு விமான நிலையத்தில் அறுபது வயதுத் தாய் தனியே நிறுத்தப்பட்டு, தெரியாத மொழியில் விசாரிக்கப்படும் நிலையைக் குடும்பத்தினர் கற்பனை செய்து பார்த்தபோது அந்த யோசனை கைவிடப்பட்டது. பழைய கடவுச்சீட்டு திணைக்களத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

கனடிய விசாவும் புதிய புத்தகத்துக்கு மாற்றித் தரப்படுவதில்லை. தொலைந்த கடவுச்சீட்டிலிருந்த விசாவுக்குப் பதிலாகப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய விண்ணப்பத்தின் பிரதிகள் மகளிடம் இருந்தது பேருதவி. முன்னர் கொடுத்த விரலடையாளம் 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் என்பதால் அதைத் திரும்பவும் கொடுக்க நேரவில்லை. நடந்ததை மறைக்காமல், முறைப்பாட்டின் மொழிபெயர்ப்புடன் ஒரு விளக்கக் கடிதமும் இணைக்கப்பட்டது. விசா கிடைத்தது. ஆனால் தாயார் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாட் சடங்கும் முடிந்திருந்தது. மகளுக்குப் பத்தியச் சாப்பாடு கொடுத்தது அயல்வீட்டு யாழ்ப்பாணத்துப் பெண்மணி.

மாற்றப்பட்டவை

பை ஒழிக்கப்படவில்லை, தாயார் அதற்கு உடன்படவுமில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்பதே மாற்றப்பட்டது. இப்போது அதில் இருப்பவை சான்றிதழ்களின் மேலதிகப் பிரதிகள் மட்டுமே. பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களைக் கட்டணம் செலுத்தி ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளாகப் பெறலாம் என்ற எளிய விடயத்தைப் பலர் பயன்படுத்துவதில்லை. பழுப்பேறிய முதற்பிரதியையே மூலம் என்று எண்ணிக் காப்பாற்றுகிறார்கள். உண்மையான மூலம் பதிவேட்டில் இருக்கிறது.

உறுதியின் நிலையும் ஏறக்குறைய இதுவே. நொத்தாரிசு ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகிறார். உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் சான்றுப்படுத்திய பிரதியைக் கேட்டுப் பெறலாம். பை காணாமற்போயிருந்த காலத்தில் குடும்பத்தினரை அதிகம் வருத்தியது இந்த மூன்றும் தெரியாமற்போனதே. பை கிடைத்ததும் தோம்பு (காணிப் பதிவேட்டின் பிரதி) எடுத்துப் பார்த்து, இடைக்காலத்தில் காணியின் மீது வேறெதுவும் பதியப்படவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார்கள். உறுதி இப்போது வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் இருக்கிறது.

இலக்கங்களுக்கென ஒரு தனித் தாள் தயாரிக்கப்பட்டது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் இலக்கம், திகதி, வழங்கிய அலுவலகம் அல்லது பதிவாளர் பிரிவு ஆகியவை அதில் கையால் எழுதப்பட்டுள்ளன. ஒரு பிரதி மகனின் வீட்டிலும் மற்றொன்று கனடாவில் மகளிடமும் உண்டு. ஆவணங்களின் படங்களை எல்லோரது தொலைபேசியிலும் ஏற்றி வைப்பதைவிட இது மேலானது என்பது என் எண்ணம். தாள் களவுபோனால் இலக்கங்கள் வெளியாகலாம் என்றாலும், அதில் முகமும் கையொப்பமும் இல்லை.

கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் இனி ஒன்றாக வைக்கப்படுவதில்லை. பயணமில்லாத நாட்களில் கடவுச்சீட்டு வீட்டை விட்டு வெளியே போவதில்லை. வெளியூர் அலுவல்களுக்குப் போகும்போது தேவைப்படும் சான்றிதழை முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்து, அதை மட்டும், மடியில் வைக்கக்கூடிய சிறிய பையில் கொண்டுபோகிறார்கள். சான்றிதழ்களை லேமினேட் செய்வது நிறுத்தப்பட்டது, ஏனெனில் வெளிநாட்டு அலுவல்களுக்காக அவற்றில் முத்திரை குத்த வேண்டி வரும்போது லேமினேட் செய்த தாள் பயன்படாது. கறையானுக்கும் மாரிகால ஈரத்துக்கும் இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி போதுமானது.

பிரதி எடுக்கும் கடைகள் பற்றியும் ஒரு சொல். ஆவணத்தைக் கடையின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பி அச்சிட்டுக்கொள்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. அந்தக் கோப்பு கடையின் கணினியில் எவ்வளவு காலம் கிடக்கும் என்று எவரும் கேட்பதில்லை. இக்குடும்பத்தினர் இப்போது மூலத்தைக் கொண்டுபோய்க் கண் முன்னே பிரதி எடுக்கிறார்கள். எங்காவது ஒப்படைக்கும் பிரதியின் குறுக்கே, எந்த அலுவலுக்காக, எந்தத் திகதியில் கொடுக்கப்பட்டது என்று பேனாவால் எழுதுகிறார்கள்.

பெயர் முரண் இன்னும் தீரவில்லை. பிறப்புப் பதிவில் ‘தேவி’ என்பதைச் சேர்ப்பதற்கான விண்ணப்பம், அடையாள அட்டையின் பிரதியும் பாடசாலை இடாப்பின் சான்றும் இணைக்கப்பட்டுக் கையளிக்கப்பட்டுள்ளது. அதன் முடிவு வரும்வரை சத்தியக்கடதாசியின் இரண்டு மூலப் பிரதிகளில் ஒன்று மகனிடமும் மற்றையது வங்கிப் பெட்டகத்திலும் வைக்கப்பட்டிருக்கின்றன.